தேயிலைக்கு ஒரு மடக்கு போதும், கடலுக்கு?

கேள்வி: ‘ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்’ என்ற இணைய விளையாட்டில் 2025 நவம்பர் 19 அன்று ‘செய்லிங்’ என்ற கடற்பயணத் திறன் சேர்க்கப்பட்டது. அன்று மாலையே அதை ஆடிப் பார்த்து, ‘கடல் வந்தது, கதை முடிந்தது’ என்ற தலைப்பில் நான் அனுப்பிய கட்டுரையை, “இரண்டு மணி நேரத்தில் தீர்ப்பா?” என்று ஒற்றை வரி எழுதித் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். எங்கள் ஊர் ஏலத்துக்கு வரும் தேயிலையை ஒரே மடக்கில் சுவைத்துப் பார்த்து, இன்ன தரம், இன்ன விலை பெறும் என்று சொல்லிவிடுகிறார்கள். வியாபாரிகளும் அதை நம்பி வாங்குகிறார்கள். காசு கட்டி இரண்டு மணி நேரம் ஆடிய எனக்கு மட்டும் அந்த உரிமை கிடையாதா?
— ஒரு வாசகர், குன்னூர்

பதில்: நல்ல உவமையைத்தான் எடுத்திருக்கிறீர்கள், ஆனால் அதை வாசலோடு நிறுத்திவிட்டீர்கள். தேயிலை சுவைக்கும் அறைக்குள் நான் ஒருமுறை போய் நின்றிருக்கிறேன். நீண்ட மேசை நெடுக வெள்ளைப் பீங்கான் கிண்ணங்கள் இருக்கும். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் துணையாக மூடி போட்ட ஒரு சிறு குவளையும், அந்தத் தேயிலையின் காய்ந்த தூள் கொஞ்சமும் இருக்கும். எல்லாக் குவளைகளிலும் தராசில் நிறுத்த ஒரே எடைத் தூளைப் போட்டு, ஒரே கொதியில் நீர் ஊற்றி, கடிகாரம் வைத்து ஒரே நிமிடக் கணக்கில் வடிக்கிறார்கள். சக்கையை மூடியின் மேல் கவிழ்த்து அதன் நிறத்தைப் பார்த்த பிறகுதான், சுவைப்பவர் கரண்டியில் அள்ளி, அறை முழுக்கக் கேட்கும்படி உறிஞ்சி, நாக்கில் புரட்டித் துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்கு நகர்கிறார். அந்த ஓசையை முதன்முறை கேட்பவருக்குச் சிரிப்பு வரும், எனக்கும் வந்தது. சிரிப்பு அடங்கிய பிறகு புரிந்தது, அவர் வாயில் வாங்கியது ஒரு மடக்குதான் என்றாலும், அதற்குப் பின்னால் பல ஆண்டுகளாக நாள்தோறும் சுவைத்துத் துப்பிய எத்தனையோ ஆயிரம் மடக்குகள் வரிசையில் நிற்கின்றன என்பது. (அப்படி விலை கணிக்கப்படும் தூளுக்கு இலை பறித்துத் தந்த சிறு விவசாயிக்கு என்ன மிஞ்சுகிறது என்று யாராவது கேட்டால், அதற்கு இந்தப் பக்கம் போதாது.)

அந்த எடையும் நிமிடமும் உங்கள் கட்டுரையில் எங்கே இருக்கின்றன? எந்தக் கருவியில் ஆடினீர்கள், இணைய இணைப்பு எப்படி இருந்தது, எந்த லெவல் வரை போனீர்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. நீங்கள் இணைத்திருந்த ஸ்கிரீன்ஷாட்டின் ஓரத்தை உற்றுப் பார்த்துத்தான், கைபேசியில் ஆடியிருக்கிறீர்கள் என்பதையும், 20-ஆம் லெவலைத் தொட்டதும் நிறுத்திவிட்டீர்கள் என்பதையும் தெரிந்துகொண்டேன். இந்த விளையாட்டின் கணக்கு உங்களுக்குத் தெரியாததன்று, வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு திறனில் 99-ஆம் லெவலை அடைய 1,30,34,431 அனுபவப் புள்ளிகள் வேண்டும். 20-ஆம் லெவலுக்கு வேண்டியவை 4,470. மேலே போகப் போகப் படிகள் அவ்வளவு உயரமாகின்றன என்பதால், 92-ஆம் லெவலை எட்டியவர்கூடப் பாதி வழிதான் வந்திருக்கிறார். நீங்கள் கடந்தது ஏறத்தாழ மூவாயிரத்தில் ஒரு பங்கு. மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறி, பல்சக்கரம் பற்றத் தொடங்கும் கல்லாறு வருவதற்கு முன்பே இறங்கிக்கொண்டு, ‘ஊட்டி ரயிலில் ஏற்றமே இல்லை’ என்று எழுதினால் குன்னூர்க்காரரான நீங்களே அதைக் கிழித்துப் போடுவீர்கள்.

உங்கள் குற்றச்சாட்டுகளில் கனமானது, சுக்கானைத் திருப்பினால் படகு யோசித்து யோசித்துத் திரும்புகிறது, இது நிரல் எழுதியவர்களின் சோம்பல் என்பது. இதில் மூன்று தாமதங்களை ஒன்றாகப் பிசைந்திருக்கிறீர்கள். முதலாவது, விளையாட்டின் நாடித்துடிப்பு: அந்த உலகம் 0.6 வினாடிக்கு ஒருமுறைதான் அசைகிறது. மரம் வெட்டுவதும், வாள் வீசுவதும், அடிபட்டதும் ஒரு மீனை எடுத்துத் தின்பதும் அந்தத் துடிப்புக்குக் கட்டுப்பட்டவையே. ‘டிக்’ என்று ஆடுகிறவர்கள் எல்லோரும் சொல்லும் அதைப் படகு மட்டும் மீற முடியாது. இரண்டாவது, படகுக்கு வேண்டுமென்றே கொடுத்திருக்கும் கனம். கால்நடையாகப் போகிறவன் நினைத்த கட்டத்தில் திரும்புவதைப் போலக் கலமும் திரும்பினால், அது படகின் படம் ஒட்டிய செருப்பாகத்தான் இருக்கும். மூன்றாவது, உங்கள் இணைப்பு. நவம்பர் மூன்றாம் வாரத்தில், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், குன்னூர்ச் சரிவில் உட்கார்ந்து கைபேசியின் தரவில் ஆடிய ஒருவர், மழையையும் கைபேசிக் கோபுரத்தையும் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் படகைக் குறை சொன்னால் நான் எப்படி நம்புவது?

பிரித்துப் பார்க்க எளிய வழி உண்டு. படகு மந்தமாகத் தோன்றும் அதே நேரத்தில் கரைக்கு வந்து ஒரு மரத்தை வெட்டிப் பாருங்கள். கோடரியும் மந்தமாக விழுந்தால் பழி படகினுடையதன்று. இதை உபதேசமாகச் சொல்லவில்லை; சூடுபட்டுத்தான் சொல்கிறேன். உங்கள் கட்டுரை வந்த வாரம், கோத்தகிரியில் என் வீட்டு மாடியில் உட்கார்ந்து நான்கு மாலைகள் நானும் ஆடினேன். இரண்டாம் மாலை மழையில் கரண்ட் போனது. சற்று நேரத்தில் கைபேசியின் சிக்னல் ஒற்றைக் கோடாகச் சுருங்கியது. நான் வலப்பக்கம் திருப்பிய தெப்பம் நேரே போய்க் கரையில் முட்டிக்கொண்டு நின்றது. ‘திருப்பம் மோசம்’ என்று ஆத்திரத்தோடு குறிப்பேட்டில் எழுதினேன். மறுநாள் காலை வெயில் அடித்தபோது, அதே கரையில் அதே வளைவில் தெப்பம் சொன்னபடி கேட்டது. எழுதியதை அடித்துவிட்டேன். அடித்த கோடு குறிப்பேட்டில் இன்னும் இருக்கிறது. வேண்டுமானால் வந்து பாருங்கள்.

ஒரு துறைமுகத்தில் பெட்டியை ஏற்றி இன்னொரு துறைமுகத்தில் இறக்குவதைத் தவிர இதில் ஒன்றும் இல்லை என்கிறீர்கள். மூழ்கிய கப்பல்களிலிருந்து கொக்கி போட்டுப் பொருள் எடுப்பது, கடலை அளந்து வரைபடத்தில் குறிப்பது, நேரக் கணக்கோடு படகு விடும் போட்டிகள், தெப்பத்தை விட்டுப் பெரிய கலத்துக்கு மாறி அதன் உடலையும் பாயையும் ஒவ்வொன்றாக மேம்படுத்துவது என்று பலவும் இருக்கின்றன. நீங்கள் தெப்பத்திலேயே இறங்கிவிட்டீர்கள். இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: காசு கட்டியவனை முதல் இரண்டு மணி நேரம் பெட்டி சுமக்க வைப்பது நல்ல வரவேற்பு ஆகாது. ‘தொடக்கம் சலிப்பூட்டுகிறது’ என்று எழுதியிருந்தால், அது நீங்கள் கண்ணால் கண்ட சாட்சி, அப்படியே அச்சிட்டிருப்பேன். ‘இந்தத் திறனே சலிப்பு’ என்று எழுதினீர்கள். அதற்கு உங்களிடம் சாட்சி இல்லை.

முதல் பார்வையை நான் இளக்காரம் செய்வதாக நினைத்துவிடாதீர்கள். நீங்கள் ஆடும் இந்த விளையாட்டே ஒரு முதல் பார்வைக்குப் பிறந்த பிள்ளை. 2012 நவம்பர் 20 அன்று ரூன்ஸ்கேப்பில் சண்டையிடும் முறையையே தலைகீழாக மாற்றிய ‘எவல்யூஷன் ஆஃப் காம்பாட்’ வந்தது. எதிரியைச் சொடுக்கிவிட்டுக் காத்திருக்கும் பழைய எளிமை போய், சண்டை நுட்பங்களை வரிசையாக அடுக்கிய ஒரு பட்டை திரையில் வந்து உட்கார்ந்தது. பழைய ஆட்டக்காரர்கள் பலர் பார்த்த மாத்திரத்தில், இது எங்கள் விளையாட்டு இல்லை என்றார்கள். சொன்னதோடு நிற்காமல் வெளியேறவும் செய்தார்கள். மூன்று மாதம் கழித்து, வாக்கெடுப்பு நடத்தி, 2007 ஆகஸ்டில் சேமித்து வைத்திருந்த பழைய நகலைத் தூசி தட்டி, 2013 பிப்ரவரி 22 அன்று ‘ஓல்டு ஸ்கூல்’ என்ற பெயரில் தனியாகத் திறந்துவிட்டது ஜாகெக்ஸ் நிறுவனம். அந்த முதல் பார்வை பலித்ததற்குக் காரணம், சொன்னவர்கள் அந்தச் சண்டை முறையில் ஆண்டுக்கணக்கில் ஊறியவர்கள் என்பது. எது மாறியது என்று அவர்களின் விரல்களுக்கே தெரிந்திருந்தது. உங்கள் பாஷையில் சொன்னால், அவர்கள் சுவைக்கும் மேசையில் நின்றவர்கள். கடற்பயணமோ புத்தம் புதிய சரக்கு. 23 திறன்களோடு இருந்த விளையாட்டில் 24-ஆவதாகச் சேர்ந்தது, இந்தப் பழைய நகலில் சேர்ந்த முதல் புதுத் திறன். இதை ஒப்பிட யாருடைய நாக்கிலும் பழைய ருசி இல்லை.

இனி, கட்டுரையைத் திருப்பி அனுப்பியதன் முழுக் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்; ஒற்றை வரியில் முடித்தது என் தவறு. ‘யாரும் கேட்காத கடலை நம் தலையில் கட்டிவிட்டார்கள்’ என்று மூன்றாம் பத்தியில் எழுதியிருக்கிறீர்கள். இது பிழை. ஆட்டக்காரர்களின் வாக்கு இல்லாமல் பெரிய மாற்றம் எதையும் கொண்டுவருவதில்லை என்பது ஓல்டு ஸ்கூலில் நெடுநாள் வழக்கம். முன்பு 75 விழுக்காடு ஆதரவு வேண்டியிருந்தது, இப்போது 70. வெகு காலம் ஆட்டக்காரர்களின் கேலிப்பொருளாக இருந்த இந்தக் கடற்பயணம், 2015-இல் வாக்குக்கு வந்து தோற்றது. 2023-இல் டேமிங், ஷாமனிசம் என்ற வேறு இரண்டு யோசனைகளோடு போட்டியிட்டு முந்தி, பிறகு உறுதி வாக்கெடுப்பிலும் தேறித்தான் வந்தது. உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பது கருத்து. யாரும் கேட்கவில்லை என்பது தகவல், அதுவும் தவறான தகவல். கருத்துக்கு நான் காவல்காரன் இல்லை. தகவலுக்குக் காவல் நிற்கத்தான் எனக்குச் சம்பளம்.

ஆனால் உங்கள் ஏழாம் பத்தியை நான் மூன்று முறை படித்தேன். விளையாட்டில் வரும் போர்ட் சரிம் துறையிலிருந்து தெப்பத்தை முதன்முறை தள்ளிக்கொண்டு போனபோது திரும்பிப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதே துறையில் மாலுமியிடம் முப்பது காசு கொடுத்தால், திரை ஒரு கணம் கறுத்து, மறுகணம் கரம்ஜாத் தீவில் இறங்கி நிற்போம்; எத்தனையோ ஆண்டுகளாக அப்படியே போய் வந்ததால், ‘நடுவில் இருந்த தண்ணீருக்கு இவ்வளவு அகலம் உண்டு என்பதே அன்றுதான் தெரிந்தது’ என்கிறீர்கள். அதற்குப் பிறகு மறுபடி சீறத் தொடங்கிவிடுகிறீர்கள்.

அந்தப் பத்தியை மட்டும், ஆடிய நேரம், லெவல், கைபேசி, மழை ஆகிய நான்கையும் தலைப்புக்குக் கீழே ஒரு வரியில் சேர்த்து, அடுத்த இதழில் வெளியிடுகிறோம். ஆட்சேபம் இருந்தால் 20-ஆம் தேதிக்குள் எழுதுங்கள். இதழ் அச்சுக்குப் போய்விடும்.