சிவப்பு உறைக்கு மூன்று மடங்கு விலை தரலாமா?

கேள்வி: 1981இல் வெளியான 'சடன்லி இன் த டார்க்' என்ற கொரியப் பேய்ப்படத்தின் புளூ-ரே தட்டை, மாண்டோ மகாப்ரோ நிறுவனத்தின் சிவப்பு உறைப் பதிப்பு என்று சொல்லி, சாதாரணப் பதிப்பைப் போல மூன்று மடங்கு விலைக்கு இணையத்தில் ஒருவர் விற்கிறார். வாங்கலாமா? அதிகம் பேசப்படாத படத்திற்கு ஏன் இத்தனை கிராக்கி?

பதில்: படம் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் வேண்டாம். அந்த நிறுவனம் முதலில் குறைந்த எண்ணிக்கையில் சிவப்பு உறைப் பதிப்பை விற்றுவிட்டு, பிறகு சாதாரணப் பதிப்பைக் கடைக்கு அனுப்புவது வழக்கம். கூடுதல் விலை பெரும்பாலும் உறைக்கும் அது அரிதாகக் கிடைப்பதற்கும்தான்.

கிராக்கிக்குக் காரணம் படத்திலேயே இருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்த கோ யங்-நாம் இயக்கிய இதில், பட்டாம்பூச்சி ஆராயும் பேராசிரியர் ஒருவர், இறந்துபோன சாமியாடிப் பெண்ணின் மகளை வீட்டு வேலைக்கு அழைத்து வருகிறார். அவள் கொண்டுவரும் மரப்பொம்மையைக் கண்டதிலிருந்து மனைவியின் மனம் கலங்கத் தொடங்குகிறது. பேய் பொம்மையில் இருக்கிறதா, சந்தேகத்தில் இருக்கிறதா என்று தெரியாதபடி, மனைவியாக நடித்த கிம் யங்-ஏ படத்தைத் தாங்கியிருக்கிறார். பட்டை தீட்டிய கண்ணாடி வழியே பார்ப்பதுபோல் உருவங்கள் பலவாகச் சிதறும் காட்சிகளுக்காகவே இதைத் தேடுகிறவர்கள் உண்டு. வேலைக்காரப் பெண்ணால் குடும்பம் குலையும் கதைக்கு 1960இல் கிம் கி-யங் எடுத்த 'த ஹவுஸ்மெய்ட்' முன்னோடி. அதற்குக் கிடைத்த உலகப் புகழ் இதற்குக் கிடைக்கவில்லை. என் கணிப்பில், சேகரிப்பவர்களை இழுப்பதும் இப்படி அதிகம் அறியப்படாமல் இருப்பதே.

எந்தப் பதிப்பானாலும், பணம் கட்டுமுன் தட்டின் மண்டலக் குறியீட்டை, அதாவது எந்த நாடுகளின் பிளேயரில் அது ஓடும் என்று காட்டும் எழுத்தை, கேளுங்கள். அமெரிக்காவும் கொரியாவும் 'ஏ' மண்டலம். இந்தியாவும் இலங்கையும் 'சி'. 'ஏ' மண்டலத்திற்கு மட்டும் பூட்டிய தட்டு, இந்தியாவிலும் இலங்கையிலும் விற்கும் சாதாரண பிளேயரில் ஓடாது. சிங்கப்பூரும் மலேசியாவும் 'ஏ' மண்டலம் என்பதால் அங்குள்ள வாசகர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

போலியையும் கவனிக்க வேண்டும். உறையின் படத்தை மட்டும் பார்த்து ஏமாறாமல், தட்டின் அடிப்புறத்தை வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஆலையில் அச்சிட்ட தட்டின் உள்வட்டத்தில் பொறித்த எழுத்துகளும் கோட்டுக் குறியீடும் (பார்கோடு) தெரியும். கணினியில் பதிந்த நகலின் அடிப்புறம் பொதுவாக நிறம் ஏறிக் கருத்திருக்கும். விற்பவர் படம் அனுப்ப மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பொதி என்றால், அஞ்சல் செலவோடு சுங்க வரியும் உங்கள் தலையில் விழக்கூடும். அதையும் கூட்டிப் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.