ஓடாத சயின்ஸ் ஃபிக்ஷன் படத்துக்கு எதுக்கு இவ்ளோ ஆடம்பரமா 4கே பாக்ஸ் செட் (ரொம்பத் துல்லியமான படம் தர்ற டிஸ்க், பெட்டியோட) போடறாங்க?

காரைக்குடில பழம்பொருள் கடைத் தெருப் பக்கம் வந்தா பாதி பதில் கிடைச்சிரும். எங்க ஆச்சி ரெண்டாங்கட்டு மூலையில போட்டு மறந்துட்ட எனாமல் தூக்குவாளி, விளிம்புல பெயிண்ட் பேந்தது, அதே மாதிரி ஒண்ணைத் துடைச்சு வச்சு வாய் கூசாம விலை சொல்றாங்க, வாங்கவும் ஆள் இருக்கு.

படமும் அப்படித்தான். 1984ல டேவிட் லிஞ்ச் எடுத்த ட்யூன், சுமார் 4 கோடி டாலர் செலவு, அமெரிக்காவுல 3 கோடி கிட்டதான் வந்துச்சு, விமர்சகர்கள் கிழிச்சுத் தொங்கவிட்டாங்க, ஃபைனல் கட் உரிமை, அதாவது படத்தோட கடைசி வடிவத்தை முடிவு பண்ற உரிமை, கையில இல்லாததால லிஞ்சுக்கே அந்தப் படம்னா கசப்பு, டிவிக்குன்னு நீட்டின வெர்ஷன்ல தன் பேரையே எடுக்க வச்சிட்டார். அதைத்தான் 2021ல ஆரோ வீடியோங்கிற பிரிட்டிஷ் டிஸ்க் கம்பெனி ஒரிஜினல் நெகட்டிவ்ல இருந்து 4கே பண்ணி, புத்தகம் போஸ்டரெல்லாம் வச்சு லிமிடெட் எடிஷனா விட்டாங்க.

காசு கணக்கு சிம்பிள். கொஞ்சப் பிரதிதான் அடிக்கிறது, சின்ன வயசுல டிவில பார்த்தவன் இப்ப சம்பாதிக்கிறான், ஸ்ட்ரீமிங்ல இன்னிக்கு இருக்கிற படம் நாளைக்கு இருக்காதுன்னு பயம் வேற. அதோட ஓடுன படத்தோட மேக்கிங் வீடியோல எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் புகழ்வாங்க, செம போர். ஊத்திக்கிட்ட படத்துலதான் வெட்டுன சீன், சண்டை, ஸ்டுடியோ தலையீடுன்னு கதையே இருக்கும்.

நம்ம கலை அரசி, 1963, வேற்றுக் கிரகத்துக்காரங்க பானுமதியைத் தூக்கிட்டுப் போவாங்களே, அதுக்கு இப்படி ஒரு செட் வந்தா நான் மொத ஆளா வாங்குவேன்.