மடிந்த காதுப் பூனைக்குத் தவணை கட்டலாமா?

கேள்வி: ஐயா, சிங்கப்பூர் செங்காங்கில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கிறோம். கணவர், நான் இருவரும் வேலைக்குப் போகிறோம். மாதச் செலவு 4,000 வெள்ளி, கையிருப்பு 11,000 வெள்ளி. தொடக்கநிலை 5 படிக்கும் மகள், காது மடிந்த ஸ்காட்டிஷ் ஃபோல்ட் பூனைதான் வேண்டும் என்கிறாள். கடையில் 3,200 வெள்ளி. 12 மாதத் தவணை தருகிறார்கள். பெர்சியன் குட்டி 1,800 வெள்ளிக்குக் கிடைக்கிறது. எதை வாங்கலாம்? நோய் வந்தால் காப்புறுதி இருக்கிறதே?

பதில்: சகோதரி, இரண்டையும் தவணையில் வாங்காதீர்கள். ஃபோல்டை ரொக்கம் கொடுத்தும் வாங்க வேண்டாம்.

மகளுக்குப் பிடித்த அந்தக் காது ஒரு குருத்தெலும்புக் கோளாறு. 1961இல் ஸ்காட்லாந்துப் பண்ணை ஒன்றில் சூசி என்ற பூனையிடம் முதலில் கண்டார்கள். இன்றைய ஃபோல்டுகள் அதன் வழிவந்தவை. டிஆர்பிவி4 என்ற மரபணுவில் உள்ள பிழை காதை மட்டும் மடக்கிவிட்டு நின்றுவிடாது. கால், வால் மூட்டுகளையும் தாக்கும். தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். சில பூனைகளுக்கு லேசாக இருக்கும், சிலவற்றுக்குச் சின்ன வயதிலேயே குதிக்க முடியாமல் போகும். எந்தக் குட்டி எப்படி ஆகும் என்று கடைக்காரராலும் சொல்ல முடியாது. வலி மருந்து ஆயுள் முழுக்கத் தேவைப்படலாம்.

பெர்சியன் கதை வேறு, அதை நான் வீட்டிலேயே பார்த்தேன். எங்கள் பெர்சியன் ஆறு வயதில் தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகராமல் குடிக்கத் தொடங்கியது. ஸ்கேனில் இரண்டு சிறுநீரகத்திலும் திராட்சைக் கொத்துபோல நீர்க்கட்டிகள். கடைசி ஒன்றரை ஆண்டு, ஒருநாள் விட்டு ஒருநாள், துணி காயப்போடும் கம்பில் சலைன் பையை மாட்டுவேன். மனைவி மடியில் வைத்துக்கொள்வார். நான் கழுத்துத் தோலைத் தூக்கி ஊசி ஏற்றுவேன். பையில் 100 மில்லி இறங்கும்வரை அது சத்தமே போடாது. சிறப்பு உணவு, ரத்தப் பரிசோதனை, அதன்மேல் பொருள் சேவை வரி என்று மாதம் 300 வெள்ளிக்குக் குறைந்ததில்லை. வாங்கும்போது பெற்றோர் இருவரின் மரபணுப் பரிசோதனைத் தாளைக் கேட்டிருந்தால் தவிர்த்திருக்கலாம். இந்த நோய்க்கும் ஒரு பக்கத்து மரபணு போதும். பாதிக்கப்பட்ட தாய்க்கோ தந்தைக்கோ பிறக்கும் குட்டிகளில் ஏறக்குறைய பாதிக்கு அது வந்துவிடும். எனவே 1,800 வெள்ளிக் குட்டிக்குத் தாள் இல்லையென்றால் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். மெய்ன் கூன், ரேக்டோல் போன்ற வேறு இனப் பூனைக்கு மனம் மாறினால் இதயத் தசை தடிக்கும் நோயைப் பற்றிக் கேளுங்கள். அதற்கு மரபணுத் தாள் மட்டும் போதாது, இதய ஸ்கேனும் வேண்டும்.

காப்புறுதி விஷயத்துக்கு வருகிறேன். ஒப்பந்தத்தில் ‘பரம்பரை, பிறவிக் குறைபாடுகள்’ என்ற வரியைத் தேடுங்கள். அவற்றை விலக்கியிருந்தால், இந்த இனங்களுக்கு எது வரும் என்று பயப்படுகிறீர்களோ அதற்கே பணம் வராது. விலக்காவிட்டாலும் ஆண்டு உச்சவரம்பு, காத்திருப்புக் காலம், நீங்கள் கட்டவேண்டிய பங்கு ஆகியவற்றைப் பாருங்கள். நம் மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவும் பூனைக்குக் கைகொடுக்காது. கடைசியில் கடன் அட்டைதான். வட்டி ஆண்டுக்கு 25 விழுக்காட்டுக்கு மேல்.

உங்கள் கையிருப்பு மூன்று மாதச் செலவுக்கே போதாது. ஒருவர் வேலை போனால் என்ன ஆகும் என்பதுதான் எனக்கு முதல் கவலை. கடை கேட்கும் தவணை மாதம் 267 வெள்ளி. அதே தொகையை ஆறு மாதம் தனிக் கணக்கில் போட்டால் 1,600 வெள்ளி சேரும். அதைப் பூனையின் மருத்துவத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, அதன்பின் ஓர் உள்ளூர்ப் பூனையைத் தத்தெடுங்கள். அடுக்குமாடி புளோக் அடியில் திரியும் கலப்பினப் பூனைகளுக்கு நோயே வராது என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரே இரத்தத்துக்குள் திரும்பத் திரும்பக் கூட்டிப் பெருக்கிய குறைபாடுகள் அவற்றிடம் அரிது.

2024 செப்டம்பர் 1 முதல் வீவக வீட்டில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். உரிமமும், தோலுக்கடியில் பதிக்கும் அடையாள நுண்சில்லும் கட்டாயம். இந்த ஆறு மாதத்தில் மகளைத் தத்தெடுப்பு முகாம்களுக்கு அழைத்துப் போங்கள், அவளே ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். ஜன்னல் வலைக்கு மட்டும் இப்போதே விலை கேட்டு வையுங்கள். பூனை வருவதற்கு முதல் நாளே அது மாட்டியிருக்க வேண்டும்.