செல்லாத நோட்டு, ஒன்பது லட்சம் எஃப்.டி., தம்பியின் தங்கம்

கேள்வி: அம்மா இரண்டு மாதங்களுக்கு முன் காலமானார். அப்பா முன்பே போய்விட்டார். பீரோவை ஒழித்தபோது பட்டுப்புடவை மடிப்பில் பழைய 500 ரூபாய் நோட்டு எட்டு கிடைத்தது. “அதே காந்தி படம், அதே கவர்னர் கையெழுத்து, அப்புறம் ஏன் பாட்டி இது செல்லாது?” என்கிறாள் என் பேத்தி. இன்னொன்று, அம்மா பெயரில் பேங்கில் 9 லட்சம் எஃப்.டி. இருக்கிறது, நான் நாமினி. “பேங்க்ல போட்டது நம்ம பணமே இல்லக்கா, எடுத்துத் தங்கமா வாங்கிடு” என்கிறான் என் ஒரே தம்பி. பணத்துக்கு மதிப்பு எங்கிருந்துதான் வருகிறது? அது உண்மையில் யாருடையது?
– வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: பேத்திக்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம். தம்பிக்குச் சொல்ல வேண்டியதும் அதற்குள்ளேயே இருக்கிறது.

நோட்டை நாம் ஒரு பொருளாக நினைத்துப் பர்ஸில் வைக்கிறோம். உண்மையில் அது கடன் சீட்டு. இதை வைத்திருப்பவருக்கு இவ்வளவு ரூபாய் தருகிறேன் என்று ரிசர்வ் வங்கி கவர்னர் கையெழுத்துப் போட, மத்திய அரசு அதற்கு ஜாமீன் நிற்கிறது. வெளியே புழங்கும் நோட்டு முழுவதும் ரிசர்வ் வங்கியின் கணக்கில் கடன் பக்கத்தில்தான் ஏறும். 2016 நவம்பர் 8 இரவு பழைய 500, 1000 செல்லாது என்று அறிவித்தார்கள். மறு வருஷம் தனிச் சட்டமே கொண்டுவந்து, 2016 டிசம்பர் 31 முதல் அந்த நோட்டுகளின் மேல் ரிசர்வ் வங்கிக்குப் பொறுப்பு இல்லை, அரசின் ஜாமீனும் இல்லை என்று முடித்தார்கள். காந்தி படமும் கையெழுத்தும் அப்படியே இருக்கின்றன, தருகிறேன் என்றவர் விலகிக்கொண்டார். பேத்தியிடம் இதைச் சொன்னால் போதும்.

செல்லுகிற நோட்டை ராஜாஜி சாலையில் உள்ள ரிசர்வ் வங்கி அலுவலகத்தில் நீட்டி, “சொன்னபடி கொடுங்கள்” என்று கேட்டால் என்ன கிடைக்கும்? வேறு நோட்டு, இல்லாவிட்டால் நாணயம். தங்கம் தரமாட்டார்கள். அச்சடிக்கும் நோட்டுக்கெல்லாம் சமமாக எங்கோ தங்கம் பூட்டி வைத்திருப்பதாகப் பலர் இன்றும் நம்புகிறார்கள். 1957 முதல் சட்டம் கேட்கிற குறைந்தபட்ச இருப்பு 200 கோடி ரூபாய், அதில் தங்கம் 115 கோடிக்கு. புழக்கத்தில் இருக்கும் நோட்டோ 30 லட்சம் கோடிக்கு மேல்! ரிசர்வ் வங்கியிடம் 800 டன்னுக்கு மேல் தங்கம் இருப்பது நிஜம்தான். ஆனால் நோட்டுக்கு ஈடாகக் காட்டப்படுவதில் பெரும்பகுதி வெளிநாட்டுப் பத்திரங்கள்தான்.

பிறகு எதை நம்பி நோட்டை வாங்குகிறோம்? அடுத்தவர் வாங்கிக்கொள்வார் என்பதை நம்பி. பத்து ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புழக்கத்தில் இருந்த 14 வகையும் செல்லும் என்று 2018 ஜனவரியிலேயே ரிசர்வ் வங்கி அறிவித்தது. அதன் பிறகும் நம் ஊரில் எத்தனை டீக்கடையில், எத்தனை ஷேர் ஆட்டோவில் “பத்து ரூபா காயின் வேணாம் சார்” என்று கேட்டிருக்கிறோம்! கடைக்காரருக்கு அந்த நாணயத்தின் மேல் கோபம் இல்லை. தன்னிடமிருந்து பால்காரர் வாங்கமாட்டாரோ என்ற பயம்தான். சட்டத்தில் பத்து, கல்லாவில் பூஜ்யம். ரூபாய் முழுவதுக்கும் இப்படி ஆகாமல் இருக்க ஒரு பெரிய காரணம் அரசு. வருமான வரி, வீட்டு வரி, கரண்ட் பில் எல்லாவற்றையும் அது ரூபாயாகத்தான் கேட்கிறது. அதனால் எல்லோருக்கும் ரூபாய் வேண்டியிருக்கிறது. அந்த ரூபாய்க்கு எத்தனை கிலோ அரிசி வரும் என்பதற்கு மட்டும் யாரும் கையெழுத்துப் போடவில்லை. விலைவாசி ஏற்றம் வருஷத்துக்கு 4 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் இலக்கு, அவ்வளவுதான்.

இனி தம்பி. அவர் சொன்னதில் பாதி சரி. பேங்கில் போட்ட நிமிஷமே பணம் பேங்கினுடையதாகிவிடும். நமக்கு மிஞ்சுவது அதைத் திருப்பிக் கேட்கும் உரிமை. 1848இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை ஒரு வழக்கில் இதைத்தான் சொன்னது: வாடிக்கையாளர் கடன் கொடுத்தவர், வங்கி கடன் வாங்கியவர். ஆக, கடன்பட்டவர் எப்படிப்பட்டவர் என்று பார்க்க வேண்டியது நம் பொறுப்பு. மதராஸ் இதை 1906 அக்டோபரில் பட்டுத் தெரிந்துகொண்டது. ஊரே நம்பிப் பணம் போட்டிருந்த ஆர்பத்நாட் கம்பெனி என்ற தனியார் வங்கி திவாலாகி, பல குடும்பங்களின் சேமிப்பு அதோடு போயிற்று. அதற்காக நம் ஆட்கள் வங்கியே வேண்டாம் என்று ஒதுங்கிவிடவில்லை. வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானவர்கள் முன்னின்று, 1907இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள். இன்றைக்கு டெபாசிட் காப்பீடும் இருக்கிறது: ஒரு வங்கியில் ஒருவருக்கு, எல்லாக் கிளையும் அசலும் வட்டியும் சேர்த்து, 5 லட்சம் வரை.

தங்கம் யாருடைய கடனும் இல்லை, ஒரு ராத்திரியில் யாரும் ரத்து செய்ய முடியாது. இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் நாளைய விலைக்கும் யாரும் ஜாமீன் இல்லை. தி.நகரில் நகையாக வாங்கினால் செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் போய்விடும். விற்கும்போது அவை திரும்பாது. 9 லட்சத்தையும் அதில் கொட்டச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

அதைவிட முக்கியமாக, அந்த 9 லட்சம் உங்களுடையது மட்டும் இல்லை. நாமினி என்றால் பேங்க் யார் கையில் கொடுக்கலாம் என்பதற்கான ஆள். 2010இல் உச்ச நீதிமன்றமும் அப்படித்தான் தீர்ப்பளித்தது. உயில் இல்லையென்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நீங்கள் இருவரும் சம பங்காளிகள். தங்கம் வேண்டுமானால் தம்பி தன் பங்கான நாலரை லட்சத்தில் வாங்கட்டும். உங்கள் பங்கு, அதே வங்கியில் உங்களுக்கு வேறு பணம் இல்லையென்றால், காப்பீட்டு வரம்புக்குள்ளேயே அடங்கும்.

அந்த எட்டு நோட்டை வைத்திருப்பதில் தப்பில்லை. பத்துக்கு மேல் போனால்தான் அபராதம். பழைய நோட்டுக்கு லட்சக்கணக்கில் தருகிறேன், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்று போனில் யாராவது பேசினால் உடனே வைத்துவிடுங்கள். எஃப்.டி.க்கு இறப்புச் சான்றிதழும் ரசீதும் உங்கள் அடையாள அட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். டெபாசிட் செய்தவர் இறந்துவிட்டால், முதிர்வுத் தேதிக்கு முன்னால் எடுப்பதற்கு அபராத வட்டி பிடிக்கக் கூடாது. பிடிப்போம் என்றால் கிளை மேலாளரிடம் கேளுங்கள். தம்பியையும் கூடவே அழைத்துக்கொண்டு போவது நல்லது.