நவம்பர் 1-க்கு முன்னால் சனிக்கிழமைச் சம்பளக் கணக்கு

வணக்கம்ங்க. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் இப்போதுதான் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிறாள். அமெரிக்காவில் பெரிய பல்கலைக்கழகத்துக்கு நவம்பர் 1-க்குள் முன்கூட்டியே விண்ணப்பம் போட்டால் இடம் சுலபமாகக் கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவள் கூட்டத்தில் தனியாகத் தெரிய வேண்டும் என்று ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையும் ஒரு தொண்டு அமைப்பும் தயார் பண்ணித் தர ஓர் ஏஜென்சி நாலரை லட்சம் கேட்கிறது. கொடுக்கலாமா என்கிறீர்கள். கொடுக்காதீர்கள்.

முதலில் அந்த "சுலபம்" என்பதைப் பார்த்துவிடலாம். முன்கூட்டியே விண்ணப்பிப்பவர்களில் அதிக சதவீதம் பேருக்கு இடம் கிடைக்கிறது என்பது பல இடங்களில் உண்மைதான். ஆனால் அந்தக் கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள்? பல்கலைக்கழக அணிக்காகப் பயிற்சியாளர் ஏற்கெனவே தேர்ந்தெடுத்து வைத்த விளையாட்டு வீரர்கள், சில இடங்களில் பழைய மாணவர்களின் பிள்ளைகள், பத்தாம் வகுப்பிலிருந்தே தயாராகி வருபவர்கள். அவர்களையும் சேர்த்த சதவீதம் அது. திருப்பூரிலிருந்து போகும் பிள்ளைக்கு அந்த எண் அப்படியே பொருந்தாது. அக்டோபரிலேயே எல்லாம் முழுமையாக இருந்தால் மட்டும் முன்கூட்டிப் போடலாம். அரைகுறையாகப் போடுவதைவிட ஜனவரி முதல் வாரத்து வழக்கமான கெடுவுக்குப் போடுவது மேல்.

முன்கூட்டிப் போடுவதிலும் வகைகள் இருக்கின்றன. எர்லி டிசிஷன் என்றால் அந்த வகையில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் போடலாம், கிடைத்தால் கண்டிப்பாகச் சேர்கிறோம் என்று பிள்ளை, பெற்றோர், பள்ளி மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். எர்லி ஆக்‌ஷனில் அந்தக் கட்டாயம் இல்லை, மே 1 வரை யோசிக்கலாம். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்போர்ட் நான்கும் நடுவழி: சேர்ந்தே ஆக வேண்டும் என்பதில்லை, ஆனால் அதே சமயத்தில் இன்னொரு தனியார் பல்கலைக்கழகத்துக்கு முன்கூட்டிப் போடக் கூடாது. முடிவு பெரும்பாலும் டிசம்பர் நடுவில் வந்துவிடும்.

இதில் பணம்தான் பெரிய விஷயம், உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிதான் இருக்கிறது. இந்த ரகப் பல்கலைக்கழகங்களில் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 90,000 டாலரை ஒட்டி வருகிறது. உதவித்தொகை கேட்டால் வெளிநாட்டு மாணவர்களுக்கு வாய்ப்பு குறையும் இடங்கள்தான் அதிகம், எர்லி டிசிஷன் வைத்திருக்கும் கொலம்பியா, கார்னெல், பென்சில்வேனியா எல்லாம் அந்த வகை. கேட்டாலும் அதைத் தேர்வில் கணக்கில் எடுக்காத இடங்கள் கொஞ்சம்தான்: ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹெர்ஸ்ட், டார்ட்மத், போடன், பிரவுன் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். இவற்றில் டார்ட்மத், பிரவுன், ஆம்ஹெர்ஸ்ட், போடன் நான்கிலும் எர்லி டிசிஷன் உண்டு. உங்களுக்கு உதவித்தொகை வேண்டும், ஆனாலும் கையெழுத்துப் போடத் தயார் என்றால் நான் இந்த நான்கிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

இதில் நானே ஒரு தப்புப் பண்ணியிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பையனுக்கு எர்லி டிசிஷன் போட வைத்தேன், அவன் அப்பாவிடம் வருமானக் கணக்கைக் கேட்கவே இல்லை. டிசம்பரில் இடம் கிடைத்தது, உதவித்தொகை போதவில்லை. அந்தக் காரணத்தைச் சொன்னால் விடுவித்துவிடுவார்கள், விடுவித்தார்கள். ஆனால் அதற்கப்புறம் பத்து நாளில் எட்டு விண்ணப்பம் எழுத வேண்டியிருந்தது, அதுவும் அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருக்கும்போது. அன்றிலிருந்து முதல் பேச்சே பணம்தான்.

சரி, தனியாகத் தெரிவது எப்படி? காசு கொடுத்து வாங்கிய ஆராய்ச்சிக் கட்டுரைகளையும், பதினோராம் வகுப்பு முடிகிற நேரத்தில் திடீரென முளைத்த தொண்டு அமைப்புகளையும் விண்ணப்பம் படிப்பவர்கள் கட்டுக்கட்டாகப் பார்த்துச் சலித்திருப்பார்கள். எதை வாங்கினால் தனியாகத் தெரியலாம் என்று நினைக்கிறீர்களோ அதைத்தான் எல்லோரும் வாங்குகிறார்கள். பரதம், அபாகஸ், இந்தி பிரச்சார சபாத் தேர்வு இதெல்லாம் தப்பில்லை, அவளுக்கு உயிராக இருந்தால் எழுதட்டும், பட்டியலை நிரப்ப வேண்டாம்.

உங்கள் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள். சனிக்கிழமை சாயங்காலம் உங்கள் கம்பெனியில் உட்கார்ந்து டெய்லர்களின் பீஸ் ரேட் கணக்கை, அதாவது தைத்த எண்ணிக்கைக்குத் தரும் கூலிக் கணக்கைப் பார்க்கிறாள், இரண்டு வருடமாக, நோட்டில் இருந்ததை எக்செல்லுக்கு மாற்றிவிட்டாள், "படிப்பு கெடுகிறது என்று இப்போது நிறுத்தச் சொல்லிவிட்டேன்" என்று. டேட்டா சயின்ஸ் படிக்க விரும்பும் பெண்ணுக்கு இதைவிட நல்ல விஷயம் நாலரை லட்சத்துக்குக் கிடைக்காதுங்க. ஏன் எக்செல்லுக்கு மாற்றினாள்? டெய்லர் சொன்ன எண்ணிக்கைக்கும் செக்கிங்கில் எண்ணியதற்கும் வித்தியாசம் வந்தபோது யார் பக்கம் நின்றாள்? அப்பா போட்ட கணக்கே தப்பு என்று கண்டுபிடித்த நாள் உண்டா, அன்று வீட்டில் என்ன நடந்தது? இதற்கெல்லாம் அவள் சொல்லும் பதிலில்தான் கட்டுரை இருக்கிறது. பல பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவான காமன் ஆப் இணைய விண்ணப்பத்தில் கட்டுரைக்கு 650 வார்த்தைதான் உச்சம். "சிறு வயதிலிருந்தே எனக்கு எண்கள் மீது ஆர்வம்" என்று தொடங்கினால் அதில் நூறு வார்த்தை வீணாகப் போய்விடும். ஒரே ஒரு சனிக்கிழமையை எடுத்துக்கொண்டு எழுதட்டும்.

செயல்பாடுகள் பட்டியலில் பத்து இடம் உண்டு, ஒவ்வொன்றின் விவரத்துக்கும் 150 எழுத்துதான். பத்தையும் நிரப்ப வேண்டும் என்று சட்டம் இல்லை. "கணக்கில் உதவினேன்" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. எத்தனை டெய்லர், வாரம் எத்தனை மணி நேரம், அவள் வந்த பிறகு என்ன மாறியது, இவ்வளவும் அந்த 150-க்குள் வர வேண்டும்.

ஏன் இந்தப் பல்கலைக்கழகம் என்றும் தனியாகக் கேட்பார்கள். அதில் தரவரிசையைப் பற்றி எழுத வேண்டாம், அது அவர்களுக்கே தெரியும். அந்தத் துறையின் பாடத்திட்டத்தைத் திறந்து அவள் எடுக்க நினைக்கும் இரண்டு பாடங்களைச் சொல்லி, அது ஏன் தனக்கு வேண்டும் என்று எழுதட்டும். பல்கலைக்கழகத்தின் பெயரை மாற்றிப் போட்டாலும் பதில் பொருந்துகிறதா? அப்படியானால் திரும்ப எழுத வேண்டும்.

ஆசிரியர் தரும் பரிந்துரைக் கடிதத்தில் நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு. கேட்டால் "ஒழுக்கமானவள், கடின உழைப்பாளி, கீழ்ப்படிபவள்" என்று எழுதித் தருவார்கள், நல்ல மனசோடுதான். அதனால் யாருக்கும் பயனில்லை. பாடம் எடுத்த இரண்டு ஆசிரியர்களை ஜூலையிலேயே பார்த்து, வகுப்பில் நடந்த ஏதாவது ஒரு சம்பவத்தை எழுதச் சொல்லிக் கேளுங்கள். நீங்களே எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டாம். ஏஜென்சிக்காரர்கள் அதைத்தான் செய்யச் சொல்வார்கள். கடிதத்தை ஆசிரியர்தான் நேரடியாக ஏற்ற வேண்டும். பள்ளியில் மாணவர்களுக்கு வழிகாட்டத் தனியாகக் கவுன்சிலர் இல்லையென்றால் தலைமையாசிரியரே பள்ளி அறிக்கையை அனுப்பலாம், ஆனால் அவருக்கு இது முதல் தடவையாக இருந்தால் உட்கார்ந்து விளக்க ஒரு மாதமாவது வேண்டும்.

ஹார்வர்ட், எம்ஐடி, பிரவுன் எல்லாம் எஸ்ஏடி அல்லது ஏசிடி நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணைக் கட்டாயமாகக் கேட்கின்றன. ஆகஸ்டில் எழுதிவிடுவது நல்லது. செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, அப்புறம் ஆயுத பூஜை, தீபாவளி போனஸ் என்று உங்களுக்கும் தலைக்கு மேல் வேலை வந்துவிடும். டிசம்பரில் இடம் இல்லை என்றோ, வழக்கமான சுற்றில் மறுபடி பார்க்கிறோம் என்றோ பதில் வரலாம், பெரும்பாலானோருக்கு அப்படித்தான் வருகிறது. அதனால் ஜனவரி விண்ணப்பங்களை நவம்பரிலேயே எழுதத் தொடங்க வேண்டும். ஜேஇஇ, பொறியியல் கலந்தாய்வு எதையும் கைவிட வேண்டாம்.

கடந்த இரண்டு வருட வருமான வரித் தாக்கல் நகலை எடுத்து வையுங்கள், ஞாயிறு காலை பேசலாம். மகளையும் கூட உட்கார வையுங்கள். கடிதம் முழுக்க நீங்கள்தான் பேசியிருக்கிறீர்கள், அவளுக்கு எந்த இடம் பிடித்திருக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை.