கேம்களில் வரும் 'மானா' எந்த மொழிச் சொல்? நம் 'மானம்' என்ற சொல்லோடு அதற்குத் தொடர்பு உண்டா?

தொடர்பு இல்லை, ஒலி ஒற்றுமை மட்டும்தான். அது பசிபிக் தீவுகளின் சொல். மாவோரி, ஹவாய், டோங்கா, சமோவா, தஹிதி மொழிகள் எல்லாவற்றிலும் உண்டு. பைபிளில் வரும் 'மன்னா' எபிரேயச் சொல், அதுவும் வேறு.

நான் இருப்பது நியூசிலாந்தின் ஹாமில்டன் நகரத்தில். இங்கே செய்திகளிலும் பள்ளிக் கூட்டங்களிலும் அலுவலக மெயில்களிலும் இந்தச் சொல் தினமும் வரும். இந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிகள் முதல் எழுத்தைக் குறிலாகச் சொல்வார்கள், அதனால் 'மனா' என்றே எழுதுகிறேன்.

கேமுக்குள் அது நுழைந்த வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க எழுத்தாளர் லாரி நிவன் 1969-ல் எழுதிய ஒரு சிறுகதையில், மண்ணில் இருக்கும் மந்திர சக்தி எடுக்க எடுக்கத் தீர்ந்துபோகும். அதற்கு அவர் வைத்த பெயர் மனா. 1993-ல் வந்த 'மேஜிக்: தி கேதரிங்' சீட்டு விளையாட்டிலும், அப்புறம் வந்த பல கம்ப்யூட்டர் கேம்களிலும் அதே கணக்குதான். மந்திரம் போட்டால், திரையில் மனாவின் இருப்பைக் காட்டும் நீலக் கோடு குறையும்.

தீவுகளில் அதன் பொருள் வேறு. இங்கிலாந்து மிஷனரி காட்ரிங்டன் 1891-ல் தென்மேற்கு பசிபிக் தீவு மக்களான மெலனீசியர்களைப் பற்றி எழுதிய நூல் வழியாகத்தான் ஐரோப்பிய அறிஞர்களிடையே இந்தச் சொல் பரவலானது. அவர்களில் பலர் இதைக் கண்ணுக்குத் தெரியாத மின்சாரம் மாதிரி ஒரு பொருளாகவே புரிந்துகொண்டார்கள். 1984-ல் மானிடவியலாளர் ரோஜர் கீசிங் இதை மறுத்தார். பல தீவு மொழிகளில் இது பெரும்பாலும் வினைபோல வருகிறது என்று காட்டினார். தமிழில் இதற்கு மிக அருகில் வரும் சொல் 'பலித்தல்' என்று எனக்குத் தோன்றுகிறது. வேண்டுதல் பலித்தது, அவர் வாக்கு பலிக்கும் என்கிறோமே, அது.

மாவோரி மொழியில் இதோடு மதிப்பு, அதிகாரம், முன்னோர் வழி வந்த பெருமை எல்லாம் சேர்ந்துவிட்டன. எனக்கு இது புரிந்தது ஒரு மராயேயில், அதாவது மாவோரிகள் கூடும் ஊர்ப் பொதுவிடத்தில். வரவேற்புப் பாட்டும் பேச்சும் முடிந்து, வரிசையில் ஒவ்வொருவரோடும் மூக்கையும் நெற்றியையும் ஒட்டி மூச்சைப் பகிர்ந்துகொண்டோம். பிறகு சாப்பாடு. மண்ணுக்குள் சூடான கற்களை வைத்து வேகவைத்த இறைச்சிதான் முக்கியம். நான் சைவம் என்பதைக் கேள்விப்பட்ட ஒரு பாட்டி, சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் பூசணியையும் தனியாக அவித்து, தட்டில் மூடி வைத்திருந்தார். நன்றி சொன்னேன். "நீ பசியோடு போனால் எங்கள் மனா இறங்கிவிடும்" என்றார். அள்ளிக் கொடுக்கும்போது கூடுகிற ஒன்றை, கேமில் செலவாகும் பொருளாக்கி வைத்திருக்கிறோம். எனக்கு அது இன்றும் உறுத்துகிறது.

அரசியலில் இந்தச் சொல்லின் கனம் இன்னும் அதிகம். 1835-ல் நியூசிலாந்தின் வடக்குப் பகுதி மாவோரித் தலைவர்கள் வெளியிட்ட சுதந்திரப் பிரகடனத்தில், நிலத்தின் மீதான இறையாண்மையைக் குறிக்க 'மனா' என்ற சொல்லே வருகிறது. ஐந்தே வருடத்தில், 1840 பிப்ரவரியில், பிரிட்டிஷ் அரசோடு வைதாங்கி ஒப்பந்தம் கையெழுத்தாகிறது. ஆங்கிலப் பிரதியில் இறையாண்மையையே ஒப்படைப்பதாக இருக்கிறது. மிஷனரி ஹென்றி வில்லியம்ஸும் அவர் மகனும் செய்த மாவோரிப் பிரதியில் அந்த இடத்தில் மனா இல்லை. 'கவர்னர்' என்பதிலிருந்து உருவாக்கிய 'காவனதங்கா' என்ற சொல்தான் இருக்கிறது. மனாவைக் கொடுத்துவிடுங்கள் என்று எழுதியிருந்தால் எந்தத் தலைவர் கையெழுத்துப் போட்டிருப்பார்? அந்தத் தலைவர்கள் இறையாண்மையை விட்டுக்கொடுக்கவில்லை என்று, ஒப்பந்த மீறல்களை விசாரிக்கும் வைதாங்கி தீர்ப்பாயம் 2014-ல் சொன்னது. ஒரு சொல்லை மாற்றி வைத்ததன் விளைவை இந்த நாடு இன்னும் சுமக்கிறது.

இன்றைய சட்டங்களிலும் மனா இருக்கிறது. எங்கள் ஊர் நடுவே ஓடும் வைகாட்டோ ஆற்றுக்கான 2010 சட்டம், இந்த ஆறு எங்கள் மூதாதை, அதற்கு மனா உண்டு என்ற வைகாட்டோ-தைனுயி மக்களின் கூற்றை அப்படியே பதிவு செய்திருக்கிறது. நாடு முழுவதற்குமான நன்னீர்க் கொள்கையில் 'தே மனா ஓ தே வை', அதாவது நீரின் மனா என்ற கருத்து 2014-ல் வந்தது. 2020-ல் அதை ஒரு வரிசையாகவே வைத்தார்கள். முதலில் ஆறு, ஏரிகளின் நலம், அடுத்து குடிநீர் போன்ற மனிதத் தேவை, மற்ற பயன்களெல்லாம் அதற்குப் பிறகுதான். எனக்குத் தெரிந்து இந்தச் சொல்லின் மிக நல்ல நவீனப் பயன்பாடு இதுதான். 2024-ல் வந்த சட்டத் திருத்தம், நீர், நிலப் பயன்பாட்டுக்கான புதிய அனுமதிகளைப் பரிசீலிக்கும்போது இந்த வரிசையைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டது. அதைப் படித்த அன்று மாலை ஆற்றங்கரையில் நெடுநேரம் நடந்தேன். அந்தப் பாட்டியின் ஞாபகம்தான் வந்தது.