சுக்கு காப்பிக்கு இல்லாத துணிச்சல்

கேள்வி: எனக்கு 41 வயது. பட்டர்வொர்த்தில் இருக்கிறேன், பிறையில் ஒரு ஃபேக்டரியில் வேலை. கைக்கு வருவது 3,150 ரிங்கிட். வீட்டுச் செலவு போக 750 மிஞ்சும். பாட்டியின் பக்குவத்தில் சுக்கு மல்லிப் பொடி அரைத்து, 200 கிராம் பாக்கெட் 15 ரிங்கிட் என்று கொடுக்கிறேன். அடக்கம் 7 ரிங்கிட். மாதம் 40 பாக்கெட் போகிறது. இதையே தொழிலாகச் செய்ய ஆசை, ஆனால் துணிச்சல் வரவில்லை. ஒரு நிறுவனம் என் பிராண்ட் பெயரிலேயே கொலாஜன் என்ற புரதம் கலந்த சுக்கு காப்பி தயாரித்து, 1,000 பெட்டி, லேபிள், டிக்டாக் விளம்பரம் எல்லாம் சேர்த்து 22,000 ரிங்கிட்டுக்குத் தருவதாகச் சொல்கிறது. தம்பியோ, “எடுக்கிறதே எடுக்கிற, லோனை 27,000ஆ எடுத்துடுக்கா, 5,000 எனக்கு வேணும்” என்கிறான். 7 விழுக்காடு வட்டி, 5 ஆண்டு, மாதத் தவணை 608 என்று லோன் ஏஜென்ட் எழுதிக் கொடுத்தார். போன வருஷம் தம்பியின் அவசரத்துக்கு என் கிரெடிட் கார்டில் எடுத்த பணத்தில் இன்னும் 9,000 பாக்கி. மாதம் 300 தருவதாகச் சொன்னான், இரண்டு மாதம் தந்தான். இப்போது நான்தான் மினிமம் கட்டி வருகிறேன். துணிந்து இறங்கலாமா? விற்பனை நோட்டின் படம் இணைத்திருக்கிறேன்.
- பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: சகோதரி, ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டியில் பணம் எடுத்து, ஒரு துண்டுக் காகிதம்கூட வாங்காமல் தம்பி கையில் கொடுத்தவர் நீங்கள். பினாங்கு ஸ்ட்ரீட்டில் அந்தக் காலத்தில் வட்டித்தொழில் செய்த செட்டியார்கள்கூட அவ்வளவு துணிந்ததில்லை. புரோநோட்டு எழுதாமல் அவர்கள் பெட்டியைத் திறக்க மாட்டார்கள். ஆகவே துணிச்சலைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்கப்போவதில்லை.

நீங்கள் அனுப்பிய நோட்டைத்தான் அதிக நேரம் பார்த்தேன். ஃபேக்டரி ஆட்கள் பெயருக்கு நேரே பேனாவில் டிக். சித்தி 3, பெரியம்மா 2, நாத்தனார் 4 என்று வரும் இடத்தில் மட்டும் பென்சிலில் ‘அப்புறம்’. ஒரே மாதத்தில் அப்படி 15 பாக்கெட். முந்தைய மாத ‘அப்புறம்’ எதுவும் அடிக்கப்படவில்லை, அதையும் பார்த்தேன்.

பாக்கெட்டுக்கு 8 ரிங்கிட் லாபம், 40 பாக்கெட்டுக்கு 320 என்று நோட்டின் அடியில் எழுதியிருக்கிறீர்கள். காசு வந்தது 25 பாக்கெட்டுக்குத்தான்: 375 ரிங்கிட். சாமான் வாங்கியதோ 40 பாக்கெட்டுக்கு: 280. மிஞ்சியது 95. மார்க்கெட் ஸ்ட்ரீட்டுக்குப் போய் மல்லியும் மிளகும் சுமந்து வந்து, வறுத்து, அரைத்து, சலித்து ஒரு மாதம் பாடுபட்டதற்கு 95 ரிங்கிட். தம்பிக்காக நீங்கள் கட்டும் கார்டு வட்டி மட்டும் மாதம் 135. சித்தியிடம் 45 ரிங்கிட் கேட்க முடியாத அதே வாய்தான் தம்பியிடம் 300 கேட்க முடியாமல் நிற்கிறது. உங்கள் தொழிலைப் பிடித்து வைத்திருப்பது இது ஒன்றுதான். இதைச் சரி செய்யாமல் 1,000 பெட்டியை வீட்டுக்குள் இறக்கினால், ‘அப்புறம்’ எழுத இன்னும் பெரிய நோட்டு வாங்க வேண்டிவரும்.

லோன் கணக்கைப் பார்ப்போம். 608 வீதம் 60 மாதம் என்றால் ஏறக்குறைய 36,500. வாங்குவது 27,000, வட்டி 9,500. ஏஜென்ட் சொன்ன 7 விழுக்காடு, ஐந்து ஆண்டும் முதல் நாள் தொகைக்கே போட்ட வட்டி. பாக்கி குறையக் குறைய வட்டியும் குறைய வேண்டும் என்று கணக்கிட்டால் அது 12, 13 விழுக்காட்டில் வந்து நிற்கும். அது கிடக்கட்டும். உங்களிடம் மிஞ்சும் 750இல் கார்டுக்கு மினிமம் 450 போகிறது. மீதி 300. அதில் 608 தவணை எங்கிருந்து கட்டுவீர்கள்? விற்பனையிலிருந்து என்று அந்த நிறுவனம் சொல்லும். காசுக்குப் போவது மாதம் 25 பெட்டி என்றே வைத்துக்கொண்டால் 1,000 பெட்டி தீர 40 மாதம் ஆகும். அவர்கள் விளம்பரத் தாளிலேயே காலாவதி 2 ஆண்டு என்று போட்டிருக்கும், எடுத்துப் பாருங்கள்.

கொலாஜன் எதற்கு என்று எனக்கு நிஜமாகவே புரியவில்லை. முன்பு எல்லாவற்றிலும் கற்றாழை இருந்தது, இப்போது கொலாஜன். உங்கள் பொடியை ஃபேக்டரி ஆட்கள் திரும்பத் திரும்ப வாங்குவது அது பாட்டி பக்குவத்தில் இருப்பதால். அதை மாற்றி, வேறொருவர் ஆலையில் கலந்த தூளை உங்கள் பெயர் போட்டு விற்றால் அவர்கள் எதற்காக வாங்க வேண்டும்? இந்த வகை பேக்கேஜில் முதல் நாளே முழுப் பணமும் பார்த்துவிடுபவர் தயாரிப்பாளர் ஒருவர்தான்.

சரி, தம்பி விஷயம். 5,000 இல்லை என்று ஒரே வரியில் சொல்லிவிடுங்கள், காரணம் சொல்ல வேண்டாம். காரணம் சொன்னால் அவர் அதற்கு ஒரு பதில் வைத்திருப்பார். பழைய 9,000க்கு, அவருடைய சம்பள நாளன்று 300 ரிங்கிட் தானாக உங்கள் கணக்குக்கு வரும்படி அவர் பேங்கில் ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். கைபேசியில் ஐந்து நிமிட வேலை. செய்யவில்லை என்றால் அந்தப் பணம் வராது என்று முடிவு கட்டி, உங்கள் கணக்கைத் தனியாகப் போடுங்கள். மாதம் 450 கட்டினால் 9,000 தீர இரண்டு ஆண்டு, வட்டி 1,800 வரை. மிஞ்சும் 300இலிருந்து 250 சேர்த்து 700 கட்டினால் 15 மாதத்தில் முடியும், வட்டியும் 1,100க்குள் அடங்கும். அந்தக் கார்டில் இனி எதுவும் எடுக்கக் கூடாது. இன்னொன்று: ஊழியர் சேமநிதியில் 2024 மே மாதம் வந்த மூன்றாவது கணக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம் என்பது தம்பிக்குத் தெரிந்தால், அடுத்து அங்கேதான் வருவார். அது உங்கள் ஓய்வுக்காலப் பணம்.

சொந்தக்காரர்களுக்கு ஒரு வாட்ஸ்ஆப் செய்தி போதும்: “அடுத்த மாதத்திலிருந்து முன்பணம் கொடுத்தவர்களுக்கு மட்டும் அரைக்கிறேன்.” சித்தி கோபப்படலாம். சொந்தக்காரர்களில் ஒருவருமே வாங்காமல் போனாலும் 25 பாக்கெட் அரைத்து 200 ரிங்கிட் பார்ப்பீர்கள், இப்போது பார்ப்பதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். செப்டம்பர், அக்டோபரில் பினாங்கில் மழை கொட்டும்போது சுக்கு காப்பிக்குக் கேட்பும் கூடும். அப்போது யார் காசோடு வருகிறார்கள் என்று பாருங்கள்.

நீங்கள் ஏற்கெனவே விற்றுக்கொண்டிருக்கிறீர்கள். ஆகவே எஸ்எஸ்எம் (மலேசிய நிறுவன ஆணையம்) பதிவைத் தள்ளிப்போட வேண்டாம். தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் செய்ய வேண்டியது அது. சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வேறு பெயர் வைத்தால் 60. உணவு கையாளுபவர் பயிற்சியும் டைஃபாய்டு ஊசியும் கட்டாயம். அரைக்கும் இடத்தைச் சுகாதார அமைச்சில் பதிவதைப் பற்றியும், வீட்டிலிருந்தே செய்ய மாநகராண்மைக் கழக உரிமம் தேவையா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், நோட்டின் ஓரத்தில் ‘சர்க்கரை, பிரஷர் குறையும்’ என்று விளம்பர வாசகம் எழுதி வைத்திருக்கிறீர்களே, அதை அடித்துவிடுங்கள். சுக்கும் மல்லியும் மிளகும் சேர்ந்தால் உணவு. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தீர்வு என்று விளம்பரம் செய்தால், 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் குறுக்கே வரும்.

கடன் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சிறுதொழில் கடன் தரும் அரசு நிறுவனமான தெக்குன், இந்தியத் தொழில்முனைவோருக்கு வழங்கும் ஸ்புமி கடனுதவி இருக்கிறது. நீங்கள் அரைக்கும் அளவு போதவில்லை, நல்ல அரவை மெஷின் வேண்டும் என்ற நிலை வந்தால் அங்கே கேட்கலாம். அதற்கு முன் ஆறு மாதம் ‘அப்புறம்’ இல்லாத நோட்டு ஒன்றை எழுதி, அதன் படத்தை எனக்கு அனுப்புங்கள். எவ்வளவு கேட்கலாம் என்று அப்போது கணக்குப் போடுவோம்.